பட்டினி போடும் விதை

வேப்பங்கொட்டைச் சாறு அடித்த மறுநாள் காலை வயலுக்குப் போய்ப் பார்த்தால், புழு உயிரோடுதான் இருக்கும். இலைக்கு அடியில் நெளியும், தொட்டால் சுருளும். கடை மருந்தை அடித்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய ஏமாற்றம். அந்த மருந்தை அடித்தால் சில மணி நேரத்திலேயே புழு செத்து மண்ணில் கிடக்கும். கொடுத்த காசுக்கு அதுவே சாட்சி. சாறு அடித்த வயலில் அப்படி ஒரு சாட்சி கிடைப்பதில்லை. "ராத்திரி முழுக்க ஊற வச்சு அடிச்சும் புழு அப்படியே நெளியுதே" என்று சலித்துக்கொண்டு, மூன்றாம் நாள் கடைக்குப் போய் டப்பா வாங்கிவந்துவிடுகிறவர்கள் ஏராளம். வேம்பு கைவிடப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில்தான்.

அந்த நாட்களில் புழுவைப் பார்ப்பதை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். சாறு அடிப்பதற்கு முன்பே கடித்த ஓட்டைகளின் ஓரம் காய்ந்து பழுப்பேறியிருக்கும். புதிதாகக் கடித்த ஓரம் பச்சையாக, ஈரமாக இருக்கும். இலைமேல் கிடக்கும் எச்சத்தையும் கவனியுங்கள். தின்றுகொண்டிருக்கும் புழுவின் எச்சம் ஈரம் மாறாமல், விரலால் நசுக்கினால் பச்சையாக ஒட்டும். பழைய எச்சம் கறுத்துப் பொடியாக உதிரும். சாறு சரியாக வேலை செய்த வயலில் இரண்டாம் நாளே புதுக் கடியும் புது எச்சமும் குறைந்துவிடும். புழு இருக்கிறது, ஆனால் தின்னவில்லை. பயிர் பிழைக்க அது போதும்.

ஏன் தின்னவில்லை? புழுவின் வாயைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு முளைகள் இருக்கின்றன. அவைதான் அதற்கு நாக்கு. அந்த முளைகளுக்குள் இருக்கும் நரம்புச் செல்களில் சில, சர்க்கரைச் சத்து பட்டால் 'தின்னலாம்' என்று மூளைக்குச் சொல்லும். வேறு சில, ஆகாத பொருள் பட்டால் 'வேண்டாம்' என்று சொல்லும். வேப்பம் பருப்பில் இருக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் இந்த இரண்டாவது வகைச் செல்களைக் கிளப்பிவிடுகிறது. முதல் வகைச் செல்களின் குரலை அடக்கவும் செய்கிறது. இலை என்னவோ அதே இலைதான். புழுவின் மூளைக்குப் போய்ச் சேரும் செய்தி மட்டும் 'இது உணவில்லை' என்று மாறிவிடுகிறது.

எல்லாப் பூச்சிக்கும் இந்த நாக்கு ஒரே மாதிரி இல்லை. பாலைவன வெட்டுக்கிளி, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசாடிராக்டின் பட்ட இலையைக்கூடத் தொடாது. அதற்கு உறவான வட அமெரிக்க வெட்டுக்கிளி இனம் ஒன்றோ, அதைப் போலப் பல நூறு மடங்கு பூசிய இலையையும் தின்றுவிடும். ஒரு பூச்சிக்குப் பலித்தது இன்னொன்றுக்கும் பலிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

உலக அறிவியல் வேம்பைத் திரும்பிப் பார்க்க வைத்ததும் அந்தப் பாலைவன வெட்டுக்கிளிதான். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை இறங்கியது. கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் தின்று தீர்த்த அந்தப் படை, வேப்ப மரங்களில் உட்கார்ந்தும் இலையைத் தொடாமல் போனதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் நேரில் பார்த்தார். பிறகு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வேம்புக்கே கொடுத்தார். அதே காலத்தில் டெல்லியில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். பிரதானும் அவருடைய சகாக்களும் வேப்பம் பருப்பை அரைத்துத் தண்ணீரில் கலக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1962-இல் வெட்டுக்கிளி டெல்லிப் பக்கம் வந்தபோது, ஆயிரம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பருப்பு என்ற கணக்கில் கலந்து பயிர்மேல் தெளித்தார்கள். வெட்டுக்கிளி இறங்கியது, தெளித்த பயிரைத் தின்னாமல் போனது. நம் நாட்டு நிலத்தில், நம் விஞ்ஞானிகள் செய்த இந்தச் சோதனையை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வேம்பின் கசப்புக்குள் என்ன இருக்கிறது என்ற தேடல் அதற்கும் முந்தியது. 1942-லேயே சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியலாளர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான கசப்புப் பொருட்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றில் எதுவும் பூச்சியைப் பட்டினி போடும் பொருள் அல்ல. 1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் என்ற இருவர், வேப்பம் பருப்புச் சாற்றைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் வெட்டுக்கிளிக்கு வைத்துப் பார்த்தார்கள். எந்தக் கூறை வெட்டுக்கிளி தின்ன மறுத்ததோ அதை மேலும் பிரித்தார்கள். கடைசியில் கையில் மிஞ்சியதுதான் அசாடிராக்டின்.

அதன் வடிவத்தை வேதியியலாளர்கள் சரியாகக் கண்டுகொள்ள 1980-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்ய கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே தலைமையிலான குழு 22 ஆண்டுகள் உழைத்தது. 2007-இல் வெற்றி கிடைத்தது. 70-க்கும் மேற்பட்ட படிகள். எல்லாம் முடிந்து கையில் கிடைத்தது, தொடங்கிய பொருளில் லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் சொற்பம். வேதியியலுக்கு அது பெரும் சாதனை. விவசாயிக்கு அது சொல்லும் செய்தி வேறு: இந்தப் பொருளை மலிவாகச் செய்யத் தெரிந்த தொழிற்சாலை இன்றுவரை வேப்ப மரம் ஒன்றுதான். கடையில் விற்கும் வேம்பு மருந்துப் புட்டியும் வேப்பங்கொட்டையிலிருந்து வந்ததே.

பட்டினி என்பது வேம்பின் பாதி வேலை. மீதிப் பாதி புழு சட்டை உரிக்கும்போது நடக்கிறது. புழுவின் தோல் ஓரளவுக்கு மேல் விரியாது. உள்ளே உடம்பு வளர வளர, பழைய தோலைக் கழற்றிவிட்டுப் புதுத் தோலோடு வெளியே வர வேண்டும். முட்டையிலிருந்து வந்த வெட்டுப்புழு கூட்டுப்புழு ஆவதற்குள் ஐந்தாறு முறை இப்படி உரிக்கும். உரிக்கும் நேரம் வந்ததும் மூளையிலிருந்து ஒரு சுரப்பு கிளம்பி, நெஞ்சுப் பகுதியில் உள்ள சுரப்பியை எழுப்பும். அந்தச் சுரப்பி எக்டைசோன் என்ற இயக்குநீரை வெளியிடும். அது உரிய நேரத்தில், உரிய அளவில் ரத்தத்தில் ஏற வேண்டும். வேலை முடிந்ததும் இறங்கவும் வேண்டும். அசாடிராக்டின் உடம்புக்குள் போன புழுவில் இந்த ஏற்ற இறக்கம் குலைந்துவிடுகிறது.

இப்படிச் செத்த புழு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் என்ன நடந்தது என்பது தெளிவாகத் தெரியும். தோல் முதுகுப் பக்கம் பாதி வெடித்திருக்கும். பழைய தலை ஓடு கழன்று விழாமல் புதுத் தலைக்கு முன்னால் முகமூடிபோல மாட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் புது வாயால் எதையும் கடிக்க முடியாது. வால் பக்கம் பழைய தோல் சுருண்டு இறுக்கியிருக்கும். உடம்பு கறுத்து, இலைக்காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். சில புழுக்கள் இதையும் தாண்டிக் கூட்டுப்புழு ஆகும். அதிலிருந்து வரும் அந்துப்பூச்சியின் இறக்கை சுருங்கியிருக்கும். பறக்க முடிந்தவையும் குறைவாகவே முட்டையிடும். இதெல்லாம் நடக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மறுநாள் காலையில் பார்க்கப் போனவருக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் பூச்சியின் வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சின்னப் புழு இன்னும் பல முறை சட்டை உரிக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் தவறிப்போக வாய்ப்பு உண்டு. விரல் நீளம் வளர்ந்த புழுவுக்கு அந்த நெருக்கடி ஏறக்குறைய முடிந்துவிட்டது. நிலக்கடலை வயலின் வரப்போரம் நாலு ஆமணக்குச் செடி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கு ஆமணக்கு மிகவும் பிடிக்கும். இலையின் அடிப்பக்கம் இருநூறு, முந்நூறு முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடம்பின் பழுப்பு முடியால் மூடிவைத்துவிட்டுப் போகும். பொரித்து வரும் குஞ்சுப் புழுக்கள் முதல் சில நாள் கூட்டமாகவே இருந்து இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும். அந்த இலை நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடைபோலத் தெரியும். ஆமணக்கில் சல்லடை இலை கண்ணில் பட்ட அன்று அந்த இலையைக் கிள்ளி அழித்துவிட்டு, மாலையில் வயலுக்குச் சாறு அடிப்பவர் ஜெயிப்பார். புழு பெரிதாகி வயலெங்கும் பரவிய பிறகு அடிப்பவருக்கு வேம்பால் பெரிதாக உதவ முடியாது.

அதேபோல, கத்தரியின் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் துளைத்துப் போய்விட்ட புழுவைச் சாறு எட்டாது. முட்டை பொரித்து, துளைக்க இடம் தேடி அலையும் சில மணி நேரம்தான் அதற்கான வாய்ப்பு. இலையைத் தின்னும் இளம்புழு, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, அசுவினி ஆகியவற்றில்தான் வேம்பு தன் முழு வேலையையும் காட்டும்.

சாறு தயாரிக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நிழலில் உலர்ந்த வேப்பம் பருப்பு ஐந்து கிலோ எடுத்து இடித்துப் பொடியாக்க வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். காலையில் மரக்குச்சியால் நன்றாகக் கலக்கினால் பால் நிறத்தில் கரைசல் வரும். அதை இரண்டு மடிப்பு மல் துணியில் வடிகட்டி, நூறு லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் இதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரியாதவர் ஏதாவது ஒரு படியை விட்டுவிடுவார்.

பருப்பை மாவாக அரைக்காமல் இடிக்கச் சொல்வது, மிக்ஸியில் போட்டால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும் என்பதால். துணி இரண்டு மடிப்பாக இல்லாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். நடு வயலில் நின்று மூக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் இலையில் முத்து முத்தாக உருண்டு கீழே வழிந்துவிடும். சோப்பு சேர்ந்தால் மெல்லிய படலமாகப் பரவும், வேப்பெண்ணெயும் தண்ணீரோடு கலந்து நிற்கும். பூச்சி பெரும்பாலும் இலையின் அடியில் இருப்பதால் மூக்கை மேல்நோக்கித் திருப்பி அடிக்க வேண்டும். மேலாக அடித்துவிட்டுப் போன பத்து டேங்க்கைவிடக் கீழிருந்து அடித்த ஐந்து டேங்க் மேல்.

மாலை மூன்றரை மணிக்குப் பிறகு அடிக்கச் சொல்வதற்குச் சூரியன்தான் காரணம். வெயிலின் புற ஊதாக் கதிர் அசாடிராக்டினை உடைத்துவிடுகிறது. காலை ஒன்பது மணிக்கு அடித்தால், புழு தின்ன வருவதற்கு முன்பே உச்சி வெயில் தன் வேலையைக் காட்டிவிடும். வெட்டுப்புழு இரவில்தான் மேய வரும். மாலையில் அடித்தால் முதல் மேய்ச்சலின்போது மருந்து முழு பலத்தோடு இலையில் காத்திருக்கும். இந்த உடையும் குணம் ஒரு குறைதான். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குணம்தான் இதன் பெருமையும். அடித்த விஷம் காயில் தங்கி, சந்தைக்குப் போய், யாரோ ஒரு குழந்தையின் தட்டுவரை வருவதில்லை.

தண்ணீரைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அசாடிராக்டின் லேசான புளிப்புத் தன்மையில் நிலைத்து நிற்கும்; காரத் தன்மையில் சீக்கிரம் சிதையும். நம் ஊர்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் காரமானது. பாத்திரத்தில் காய்ச்சினால் வெள்ளையாகப் படியும் தண்ணீரைச் சந்தேகப்படலாம். அப்படிப்பட்ட ஊரில் மழைநீரோ குளத்து நீரோ கிடைத்தால் சாற்றுக்கு அதையே எடுக்க வேண்டும். முடியாவிட்டால், கலந்த உடனே அடித்து முடித்துவிட வேண்டும். காலையில் கலந்து வைத்த சாற்றை மறுநாளுக்கு வைத்திருப்பது எந்தத் தண்ணீரிலும் ஆகாது.

வீட்டில் செய்யும் சாறு புட்டி மருந்துக்கு ஈடாகுமா என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல பருப்பில் எடைக்கு 0.2 முதல் 0.6 சதவீதம் அசாடிராக்டின் இருக்கிறது. 0.3 என்று வைத்துக்கொண்டால் ஐந்து கிலோவில் 15 கிராம். அது முழுவதும் நூறு லிட்டரில் இறங்கினால் லிட்டருக்கு 150 மில்லிகிராம். முழுவதும் இறங்காது, பத்தில் ஒரு பங்குதான் இறங்கியது என்று வைத்தாலும் லிட்டருக்கு 15 மில்லிகிராம். கடையில் 1500 பி.பி.எம். என்று அச்சிட்டு விற்கும் மருந்தை லிட்டருக்கு ஐந்து மில்லி கலந்தால் கிடைப்பது ஏழரை மில்லிகிராம். ஆகவே கவனமாகச் செய்த வீட்டுச் சாறு இந்தப் புட்டிக்குத் தாழ்ந்ததில்லை. 'கவனமாகச் செய்த' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூஞ்சை பிடித்த, இரண்டு வருடப் பழைய கொட்டையில் செய்தால் பெயருக்குத்தான் அது சாறு.

ஏக்கருக்கு ஒரு முறை அடிக்கக் கைத்தெளிப்பானில் ஏறத்தாழ 200 லிட்டர் வேண்டும். அதற்குப் பத்து கிலோ பருப்பு. பழத்தின் எடையில் பருப்பு பத்தில் ஒரு பங்கு. நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ பழம் தரும். அப்படியென்றால் ஓர் ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்கு இரண்டு மூன்று மரம் தேவை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு பட்டத்துக்கு மூன்று முறை அடிப்பதற்குப் பதினைந்து மரத்தின் பழத்தைக் கூட்டிப் பெருக்கி எடுத்திருக்க வேண்டும். வேம்பு இலவசம் என்று சொல்பவர்கள் இந்த உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழம் பொறுக்குவது, சதை நீக்குவது, உலர்த்துவது, ஓடு உடைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் தலையில் விழும் வேலை. அதற்குக் கூலி போட்டுப் பார்த்த பிறகும் மலிவுதான். ஆனால் இலவசம் இல்லை.

இந்த உழைப்புக்கு அவகாசமும் வேண்டும். 2021-இல் இலங்கை அரசு ரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் ஒரே அடியாக இறக்குமதித் தடை போட்டது. மே மாதம் வந்த தடையை நவம்பரில் விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. விளைச்சல் சரிந்ததற்கு உரமில்லாததே முதல் காரணம். என்றாலும், பூச்சிக்கு மாற்று வழியைச் சேர்த்து வைக்கவும் கற்றுக்கொள்ளவும் தடைக்கு முன் விவசாயிகளுக்கு ஒரு பழப் பருவம்கூடக் கொடுக்கப்படவில்லை. ஆணை போட்டு ஒரே நாளில் கொண்டுவரும் மாற்றமல்ல இது.

வேம்பின் இன்னொரு பலம் வயலில் நமக்கு உதவும் பூச்சிகளைப் பெரும்பாலும் விட்டுவைப்பது. அசாடிராக்டின் வேலை செய்ய அதைத் தின்ன வேண்டும். சிலந்தியும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் இலையைத் தின்பதில்லை. கண்டபடி ரசாயனம் அடித்து இந்தக் காவல்காரர்களைக் கொன்றதால் என்ன ஆகும் என்பதை இந்தோனேசியா பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே நெல்லில் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. 1986-இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்த பிறகுதான் சிலந்திகள் திரும்பி வந்து புகையான் அடங்கியது.

மருந்துக்குப் பூச்சி பழகிப்போவது பற்றியும் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரே ஐஸ்மனும் அவருடைய சக ஆய்வாளரும் அசுவினியை இரண்டு கூட்டமாக வளர்த்தார்கள். ஒன்றுக்குச் சுத்தமான அசாடிராக்டின். மற்றதற்கு அதே அளவு அசாடிராக்டின் உள்ள முழு வேப்பங்கொட்டைச் சாறு. நாற்பது தலைமுறை கழித்துப் பார்த்தபோது, முதல் கூட்டம் ஒன்பது மடங்கு தாங்கும் சக்தி பெற்றிருந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு அப்படி எதுவும் வரவில்லை. 1995-இல் வெளிவந்த இந்த முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கொட்டையில் அசாடிராக்டினோடு அதன் உறவுக்காரப் பொருட்கள் பலவும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாங்கும்படி மாறுவது பூச்சிக்கு எளிதல்ல. முழுச் சாறு சுத்தம் செய்த மருந்தைவிடத் தாழ்வு என்ற எண்ணத்துக்கு இது நல்ல பதில்.

இவ்வளவு சொன்ன பிறகு, 'செடியிலிருந்து வந்தது, தீங்கே செய்யாது' என்று யாராவது முடிவுகட்டினால் அதை மறுக்க வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது. புகையிலையின் நிகோட்டின் செடியிலிருந்துதான் வருகிறது. தோல் வழியாகவே உடம்பில் ஏறி ஆளைச் சாய்க்கும். நிகோட்டின் சல்பேட்டை நம் நாட்டு வயலில் பயன்படுத்தத் தடை இருக்கிறது. டெர்ரிஸ் என்ற கொடியின் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் பல காலம் இயற்கைத் தோட்டக்காரர்களின் செல்ல மருந்தாக இருந்தது. 2000-இல் அதை எலிகளுக்குத் தொடர்ந்து ஏற்றியபோது பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் தெரிந்தன. வேப்பெண்ணெயும் விதிவிலக்கல்ல. மலேசியாவில் கைக்குழந்தைகளுக்கு வீட்டு வைத்தியமாக வேப்பெண்ணெய் புகட்டியதில் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை 1981-இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாறு அடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஊற வைத்த பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். வடித்த தண்ணீரை மீன் இருக்கும் குளத்தில் கொட்டாதீர்கள்.

ஐந்திலைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் போன்றவற்றைப் பற்றியும் கேட்பீர்கள். ஆடு கடிக்காத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை என்று பார்த்துப் பறித்து, கோமியத்தில் ஊற வைத்து அடிக்கும் முறையை இயற்கை வேளாண் முன்னோடி கோ. நம்மாழ்வாரும் அவர் வழி வந்தவர்களும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஆடு தொடாத இலையில் தற்காப்புப் பொருள் இருக்கும் என்ற யோசனை அறிவியலுக்கு முற்றிலும் பொருந்தும். நொச்சியும் ஆடாதொடையும் எருக்கும் அப்படிப்பட்டவைதான். ஆனால் வேப்பங்கொட்டைக்கு இருக்கும் அளவு சோதனை இவற்றுக்கு நடக்கவில்லை. ஓர் ஊர் நொச்சியும் அடுத்த ஊர் நொச்சியும் ஒரே வீரியம் கொண்டவை அல்ல. ஊமத்தை மனிதனுக்கும் நஞ்சு; அதைச் சேர்த்த கரைசலைக் கீரைமேல் அடிக்கக் கூடாது.

இந்தக் கரைசல்கள் உங்கள் வயலில் பலிக்கின்றனவா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அடிக்கும்போது நடு வயலில் இரண்டு வரிசையை அடிக்காமல் விட்டுவிடுங்கள். அந்த வரிசைக்கு ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் அடித்த வரிசையில் இருபது செடி, அடிக்காத வரிசையில் இருபது செடி எண்ணி, புதுக் கடி உள்ள இலைகளைக் கணக்கெடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் கரைசல் வேலை செய்கிறது. தெரியாவிட்டால் மழையோ சிலந்தியோதான் புழுவைக் குறைத்தது. எல்லா வரிசைக்கும் அடித்துவிட்டு 'பூச்சி குறைஞ்சிருச்சு' என்று சொல்வது நம்பிக்கைதான், சோதனை ஆகாது.

வேம்பின்மேல் உரிமை கொண்டாடவும் சிலர் முயன்றார்கள். வேப்பெண்ணெயால் பயிரில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறைக்கும் கிரேஸ் என்ற நிறுவனத்துக்கும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தது. சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடினார்கள். இந்தியத் தொழிற்சாலை ஒன்று ஏற்கெனவே அதே முறையைக் கையாண்டு வந்ததற்கான சாட்சியம் வைக்கப்பட்டது. 2000-இல் காப்புரிமை ரத்தானது. 2005-இல் மேல்முறையீடும் தோற்றது. சட்டத்தில் மரத்தை மீட்டுவிட்டோம். அதன் கொட்டையோ ஒவ்வோர் ஆண்டும் சாலையோரம் மிதிபட்டு, மழையில் அழுகி வீணாகிறது. இந்த இரண்டாவது இழப்பை எந்த நீதிமன்றத்தாலும் மீட்க முடியாது.

ஆனியிலும் ஆடியிலும் பழம் மஞ்சளாகி உதிரும். உதிர்ந்த சில நாளுக்குள் பொறுக்கி, தண்ணீரில் பிசைந்து சதையை நீக்கி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். ஈரத்தோடு குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற கொடிய நஞ்சைச் சுரக்கும். உலர்ந்த கொட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், சணல் சாக்கில் போடுங்கள். ஓட்டை உடைத்துப் பார்த்தால் பருப்பு பச்சை கலந்த பழுப்பாக இருக்க வேண்டும், கறுத்ததை ஒதுக்கிவிடுங்கள். சாக்கின்மேல் பொறுக்கிய மாதத்தை எழுதி வையுங்கள். எட்டு மாதத்துக்கு மேல் கொட்டையின் வீரியம் குறைந்துவிடும் என்பதால், ஆடியில் சேர்த்தது பங்குனிவரைதான் தாங்கும். சித்திரைப் பட்டத்துக்குச் சாறு தேவைப்பட்டால் காலாவதித் தேதி பார்த்து வேம்பு மருந்துப் புட்டி வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சிய பழைய கொட்டையைத் தெளிப்புக்கு எடுக்க வேண்டாம். இடித்து நிலத்தில் போடுங்கள், உரமாகும்.